தொட்டில் போன பிறகு

கல்வராயன் மலையில் வெள்ளச்சிக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்ததும், ஆஸ்பத்திரி அனுப்பிய பறக்கும் தொட்டில் வாசலில் வந்து இறங்கியது. அது ஒரு குழந்தையின் எடையை மட்டுமே தாங்கும். கீழே போகச் சாலை கிடையாது. வெள்ளச்சியால் நடக்கவும் முடியவில்லை. குழந்தையோடு தொட்டில் மேகத்துக்குள் மறைந்தது.

மறுநாள் கணவன் சின்னாண்டியின் செல்போனில், வீடியோ அழைப்பில், ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை அழுவது தெரிந்தது. வெள்ளச்சிக்குப் பால் சுரந்து சேலை நனைந்தது.

"சிஸ்டர், பாலைப் பீச்சித் தரேன். தொட்டில அனுப்புங்க."

"மழை விட்டாத்தாம்மா அது பறக்கும்," என்றாள் நர்ஸ்.

"புள்ள பசியில அழுவுதே!"

"பவுடர் பால் ஒத்துக்கல. நானும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

சின்னாண்டி வெளியே எட்டிப் பார்த்தான். மழை வலுத்திருந்தது; கீழே இறங்கும் ஒற்றையடிப் பாதையைக் காட்டாறு அடித்துப் போயிருந்தது. அழுகை மெலிந்துகொண்டே வந்தது. வெள்ளச்சி செல்போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். திரையில் பால் வழிந்தது.