கறை படாமல்

ஓமலூரில் கல்யாணம். பெண்ணை அழைத்துவர மோட்டார் கார் புறப்பட வேண்டும். குஞ்சம்மாள் பின்கதவைத் திறந்துவைத்து, தோல் சீட்டுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தேய்க்கிறனுங்கம்மா, நீங்க போங்க" என்றான் டிரைவர் உபகாரசாமி.

"உனக்கு அவசரம் சாமி. எண்ணெயெ நல்லா ஊறவிட்டுத் தொடைக்கோணும். இல்லீனா கூறைச்சேலை கறையாயிரும்."

வெயிலில் வெடித்திருந்த மடிப்புகளில் விரலால் எண்ணெய் தடவினாள். பழைய மல் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிசுபிசுப்பு இல்லை.

"பொண்ணுக்கு என்ன வயசாம்?"

"பதினேழுன்னு சொன்னாங்க."

"சின்னப் புள்ளெ. வாரப்ப மெதுவா ஓட்டு. வண்டி குலுங்குனா பயந்துக்குவா."

உபகாரசாமி குனிந்து சக்கரத்தைத் துடைக்கத் தொடங்கினான்.

மாப்பிள்ளைக் கோலத்தில் அருணகிரி வெளியே வந்தார். நரைத்த மீசைக்கு மை பூசியிருந்தார். சீட்டைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகி, ஏறி உட்கார்ந்தார்.

"கார் திரும்பி வாரப்ப நீ வாசல்ல நிக்காதே. புள்ளையில்லாதவ மொகத்துல அவ முழிக்க வேண்டாம்."

இருபது வருஷத்துக்கு முன்பு அவர் தாலி கட்டிய குஞ்சம்மாள், "சரிங்க மாமா" என்று கார்க் கதவைச் சாத்தினாள்.