மிளகளவு ஓட்டை

சுட்ட இடத்தில் மிளகளவு ஓட்டை. சுற்றிலும் ஒரு விரிசல் கிடையாது, கீழே ஒரு துளி சிந்தவில்லை.

"ஒண்ணுமே ஆகல போலிருக்கே" என்றான் ஸ்டீவ்.

"அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்று ஜுவேரியா ரம்பத்தை எடுத்தாள்.

அறுபடப்போவது ஒரு கல். விண்வெளியில் சுற்றும் சிறுகோள்களைப் போலவே உள்ளெல்லாம் பொடித்துளைகளாக ஒரு கல்லை வார்த்து, அதை வாயுத் துப்பாக்கியால் சுட்டுப் பார்ப்பதுதான் அந்த அடையாறு ஆய்வுக்கூடத்தில் இருவருக்கும் வேலை.

கல் இரண்டாகப் பிளந்ததும் அவளுக்குக் குமட்டியது. பூச்சி அரித்த கத்திரிக்காய் மாதிரி, அந்தச் சின்ன ஓட்டைக்கு அடியில் எலுமிச்சம்பழம் கொள்ளும் பள்ளம். பட்ட அடி மொத்தமும் சத்தமில்லாமல் உள்ளே இறங்கியிருந்தது.

அவள் கண் தானாக ஸ்டீவின் நெற்றிக்குப் போனது. அங்கே நெல்லிக்காய் அளவு வீக்கம். காலையில் நந்தனம் சிக்னலில் ஸ்கூட்டர் மணலில் சறுக்கி விழுந்தபோது ஓட்டியவள் அவள்தான். பின்னால் ஹெல்மெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தவன் அவன். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

"வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

"இல்ல தாயே!"

"தலை சுத்துதா?"

"இந்த வீக்கத்துக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பில்டப்பு? அடுத்த கல்லை ரெடி பண்ணு."

அவனுக்கு எல்லாமே விளையாட்டு. ட்யூப்லைட் வெளிச்சம் வேறு கண்ணைக் குத்தியது. அவள் ஒரு விளக்கை அணைத்துவிட்டு வந்தாள்.

"ஒரு ஸ்கேன் எடுத்துடு ஸ்டீவ், உன் கால்ல வேணா விழறேன். வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

"இப்பதானே கேட்ட!"

கேட்டோமா என்ன? யா அல்லாஹ், பயத்தில் புத்தியே பேதலிக்கிறது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவி ஈவ்லின் மேடம் உள்ளே வந்தார். மேலே மட்டும் பார்த்துவிட்டு யாராவது அறிக்கை எழுதிக் கொண்டுபோனால் முகத்தில் விட்டெறிகிறவர்.

"மேடம், நீங்களாவது சொல்லுங்க! இவனுக்குத் தலையில அடி. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கறான்." சொல்லும்போதே ஜுவேரியாவுக்கு அழுகை வந்துவிட்டது.

மேடம் ஸ்டீவின் கண்களையும் வீக்கத்தையும் உற்றுப் பார்த்தார். "என் கார்லயே போயிடலாம், கிளம்பு" என்றார்.

பிளந்த கல்லை ஓரமாக வைக்க மேஜையில் இடமில்லை. அங்கே கிடந்த ஜுவேரியாவின் ஹெல்மெட்டை மேடம் கையில் எடுத்தார். மேலே தீக்குச்சி நீளத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். பழக்க தோஷத்தில் அதைத் திருப்பி உள்ளே பார்த்தார்.

காதுக்கு மேலே வரும் இடத்தில் துணி பிய்ந்து, அடியிலிருந்த தெர்மக்கோல் பொடியாக நொறுங்கிப் பள்ளம் விழுந்திருந்தது.

"வாந்தி வர்ற மாதிரி இருக்காடா?" என்று ஜுவேரியா கேட்டுக்கொண்டிருந்தாள். மேடத்தின் முகம் ஏன் இப்படி வெளுக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

"ஸ்டீவ், மொதல்ல அவளைப் பிடி!"