ஏரிக்குள் புல்

மில்கள் மூடிக் கிடந்த வருஷம் அது. நிவாரண வேலையென்று, வற்றிய ஏரியை வெட்ட ஆள் எடுத்தார்கள். ஆளுக்கொரு குழி. நடுவே கொஞ்சம் மண்ணை வெட்டாமல் தூண்போல விடவேண்டும். ஆழத்துக்கு அதுதான் சாட்சி. தூண் மூன்றடி நின்றால்தான் அன்றைக்கு அரிசிச் சீட்டு. பதினாறு வருஷம் மில்லில் நூல் சுற்றிய தெய்வானையின் தூண் இரண்டரை அடிதான் நின்றது. யாரும் பார்க்காத நேரத்தில் கரையிலிருந்து ஒரு மண்கட்டியைப் பெயர்த்து வந்து அதன் தலையில் வைத்து, இடுக்கில் ஈரமண் பூசினாள். மேஸ்திரி சவரிமுத்து அளவுகோலோடு நெருங்கிய பிறகுதான் கவனித்தாள்: அவர் அளந்து முடித்த தூண்களெல்லாம் மொட்டையாக நின்றன, அவளுடையதில் மட்டும் பச்சைப் புல்.

சவரிமுத்து குனிந்து பார்த்தார். "ஏரிக்குள்ள ஏதும்மா புல்லு?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

கட்டி அசையாமல் அவர் புல்லை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார். பிறகு கோலை வைத்து, "மூணடி" என்று கரையிலிருந்த குமாஸ்தாவுக்குக் குரல் கொடுத்தார். கிள்ளிய புல்லைச் சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தார். உள்ளே போகவில்லை. பை ஏற்கெனவே புல்லால் பிதுங்கிக்கொண்டிருந்தது.