கடைசி வரியில் ஒரு பெயர்

திரை நகரவில்லை.

இங்கே மட்டுமல்ல. வங்கியின் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து, தலைமை அலுவலகத்தில் இருக்கும் இந்த ஒரு மெயின்ஃப்ரேம் பெருங்கணினிதான். இன்று ஓய்வூதிய நாள் வேறு. ஒவ்வொரு கவுண்டர் முன்னாலும் வயதானவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பார்கள்.

நினைவகம் போதவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது இயந்திரம்.

"பேசாம அணைச்சுப் போட்ருவோம்மா," என்றார் பிரிவுத் தலைவர்.

அணைத்தால் பாதியில் நிற்கும் பதிவெல்லாம் போய்விடும். வரிசை மறுபடி முதலிலிருந்து. கோமதி கணினிப் பிரிவில் பொறுப்பேற்று முழுதாய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"வேண்டாம் சார். கொஞ்சம் பொறுங்க."

இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது யார் என்று தேடினாள்.

உதவிப் பக்கம்.

திறந்தால் முழுக் கையேடும் நினைவகத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மூடும்வரை இறங்காது. பஸ் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர்களைப் போல, கிளைக்குக் கிளை யாராரோ அதைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முதலில் திறந்தது சாத்தூர் கிளை. காசாளர்.

அவளுடைய அம்மா.

போன் போட்டாள்.

"அந்தப் பக்கத்துலதானம்மா ஒம் பேரு வருது! எல்லாக் கிளைக்கும் நாந்தான் சொன்னேன், எம் மக பேரு, தெறந்து பாருங்கன்னு."

பக்கத்தின் கடைசி வரியைப் பார்த்தாள். 'சிக்கல் என்றால் அழைக்க: சே. கோமதி, கணினிப் பிரிவு.'

கோபப்படப் பார்த்தாள். வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. அம்மாவை நினைத்தா, தன்னை நினைத்தா, தெரியவில்லை.

ஒவ்வொன்றாக மூடினாள். சாத்தூரைக் கடைசியில்.

திரை நகர்ந்தது. ஒரு பதிவும் போகவில்லை.

பிரிவுத் தலைவர் எழுந்து போய் அவளுக்கும் சேர்த்து டீ வாங்கிவந்தார்.

உதவிப் பக்கத்திலிருந்து தன் பெயரை எடுத்தாள். வேலை முடிந்து கணினியிலிருந்து வெளியேறும்போது வருகிற திரையில் போட்டாள்.

மறுநாள் காலை, கவுண்டர் திறக்கும் முன்பே, சாத்தூரிலிருந்து காசாளர் கணினிக்குள் நுழைந்தார்.

உடனே வெளியேறினார்.

நுழைந்தார்.

வெளியேறினார்.

நினைவகத்தில் தாராளமாக இடம் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுபடி நுழைந்தார்.