நடு ஏரிக் கம்பம்

இன்ஸ்பெக்டர் பூபாலனுக்கு அவசரமாக ஒரு கொலை தேவைப்பட்டது. செயின் பறிப்பையும் பைக் திருட்டையும் வைத்துக்கொண்டு யாரும் பதவி உயர்வு தரமாட்டார்கள்.

கொலையைக் கொண்டு வந்து கையில் கொடுத்தவர் எத்திராஜ். மழையில் ஏரி நிரம்பியதும், வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தை நம்பிக் கரையில் பஜ்ஜிக் கடை போட்டவர்.

"சார், நெமிலிச்சேரி ஃபிளாட்ல கீற ஐ.டி. ஆளு ஒருத்தன், ஸ்ரீநாத்து. ஞாயித்துக்கெயம ஆனா பிளாஸ்டிக் படகு ஒண்ணு, கயாக்காம், அத்தத் தூக்கிகினு வந்துர்றான். கேட்டா மீன் புடிக்கிறானாம். காத்து அடிச்சா விராலு மீனு கரையோரக் கோரையாண்ட ஒதுங்கும். இவன் நேரா நடு ஏரிக்குப் போயி, அந்த இரும்புக் கம்பத்துல படகக் கட்டி, ஒரு மூட்டைய உள்ள எறக்குறான். அப்பால தண்ணியவே பாத்துகினு அயுவுறான்."

"பொண்டாட்டி?"

"அதான் மேட்டரே. ஒரு மாசமா ஆளக் காணோம்."

அதற்குப் பிறகு பூபாலனுக்குப் பஜ்ஜியின் ருசியே வேறாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வங்கக் கடலில் புயல் சின்னம் என்று டி.வி.க்கள் கத்திக்கொண்டிருந்தன. புத்தியுள்ள எவனும் படகை எடுக்கமாட்டான். ஸ்ரீநாத் எடுத்தான். குற்றவாளி குற்றம் நடந்த இடத்துக்குத் திரும்பி வருவான் என்று பயிற்சியில் சொன்னது பொய்யில்லை என்று பூபாலன் மகிழ்ந்துபோனார்.

கரையில் காத்திருந்தபோது மனைவி வனஜா அழைத்தாள்.

"என்னங்க, தை பொறந்ததும் கடைக்கால் தோண்டிடலாமா? இந்த குவார்ட்டர்ஸ்ல ஒழுகாத இடமே இல்ல. மனைய வாட்ஸ்அப் படத்துலயே பாத்துட்டிருந்தா எப்படி? ஒருதரம் நேர்ல கூட்டிட்டுப் போங்க."

"எனக்கே இன்னும் நேரம் கிடைக்கல. பிரமோஷன் வரட்டும். ஒரு கொலைதான் பாக்கி" என்றார் பாசமாக.

ஸ்டேஷனில் படகு கிடையாது. தேவைப்படவும் இல்லை. கம்பத்தில் கட்டிய கயிறும் மூட்டைக் கயிறும் சேர்ந்தே அறுந்தன. எவ்வளவு துடுப்புப் போட்டும் கேட்காமல், காற்று ஸ்ரீநாத்தைத் தள்ளிக்கொண்டு வந்து இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் அருகே சேர்த்தது. அரசாங்கத்துக்கு டீசல் செலவுகூட இல்லை.

"எறங்குடா. பொண்டாட்டி எங்க?"

"கரூர்ல சார். வளைகாப்பு முடிஞ்சு, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

உடனே வீடியோ கால் போட்டான். ரேஷ்மா நிறைமாத வயிற்றோடு திரையில் வந்து, "நம்ம இடத்துலயா இருக்கீங்க? காட்டுங்க" என்றாள். அவசரமாகக் கட் செய்தான். பூபாலனின் பதவி உயர்வு கரூரில் உயிரோடு சிரித்துக்கொண்டிருந்தது. அவருக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது.

"அப்போ அந்த மூட்டை?"

"மணல் சார். காத்துல படகு நகராம இருக்க நங்கூரம்."

"நங்கூரம் போட்டுட்டு என்னடா அழுகை?"

ஸ்ரீநாத் நடு ஏரியைப் பார்த்தான்.

"அந்தக் கம்பம் எங்க தெருவிளக்கு சார்."

"என்னது?"

"போன கோடையில மனை வாங்கினேன். அப்போ கிரிக்கெட் ஆடலாம்போலக் காஞ்சு கிடந்துச்சு. ஏரி பக்கத்துலயே இருக்குன்னாங்க, இவ்வளவு பக்கத்துலன்னு சொல்லல. கம்பத்துக்கு வடக்கே ரெண்டாவது என்னுது. குழந்தையோட நேரா சொந்த வீட்டுக்கே வந்துடலாம்னு ரேஷ்மாகிட்ட சொல்லிட்டேன். உண்மையச் சொல்ல பயமா இருக்கு. அதான் வாரா வாரம் வந்து உக்காந்துட்டுப் போறேன். மனையில இதுவரைக்கும் வெளைஞ்சது இது ஒண்ணுதான்."

படகுக்குள் ஒரு விரால் வாலை அடித்தது.

எத்திராஜ் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பூபாலன் சிரிக்கவில்லை.

"நகர் பேரு என்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீலக்குயில் நகர் சார்."

மறுபடியும் வனஜா அழைத்தாள். பூபாலன் போனை எடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றி எத்திராஜ் கையில் கொடுத்தார். பிறகு குனிந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்.

"தம்பி, இதுல ரெண்டு பேர் உக்காரலாமா? கம்பத்துக்குத் தெற்கே, கார்னர் மனை என்னுது."