பாத்தி மிதித்த கால்

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"போட்டுக்குங்கப்பா. இங்க யாரும் கழட்ட மாட்டாங்க," என்றாள் மகள்.

அவருக்கு மனசு வரவில்லை. உப்பளத்தில் செருப்போடு பாத்தியில் இறங்கினால் வசவு விழும். இதுவும் பாத்தி மாதிரிதான் இருந்தது. மட்டம் பார்த்து, மிதித்து, சீவிவிட்ட மாதிரி. உப்புக்குப் பதில் புல்.

வேதாரண்யத்து உப்பளத்தில் முப்பத்தொரு வருடம். அந்த மண்ணில் ஒரு புல் முளைத்து அவர் பார்த்ததில்லை. இங்கே அயர்லாந்தில் கண் போகிற தூரம் வரைக்கும் புல். இடையிடையே பெயர் தெரியாத பெரிய மரங்கள். நடுவில் ஓர் ஓடை வேறு.

இத்தனையும் ஒரு சின்னப் பந்தை அடிப்பதற்கு.

பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. புல்லைப் பார்த்து மட்டும் இல்லை.

பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் வந்து போட்டி ஆடிய கோல்ஃப் மைதானம் என்று காரில் வரும்போது மகள் சொன்னாள். அவர் பின் சீட்டில் இருந்தார். முன் சீட்டில் டெஸ்மண்ட்.

மகள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர். எழுபத்தெட்டு வயதுக் கிழவர். இடுப்பு எலும்பை மாற்றிய பிறகு இன்றைக்குத்தான் முதல் ஆட்டம். மகள் நர்ஸ். கிழவரைத் தூக்கி உட்கார வைத்ததும், நடக்கப் பழக்கியதும் அவள்தான்.

இப்போதும் கிழவரின் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

பள்ளம் வந்தால் பிடி இறுகியது. மேடு வந்தால் கூடவே நின்றாள்.

"இளா," என்று கிழவர் ஏதோ சொன்னார். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

இளவரசி என்று பெயர் வைத்தவர் நாலடி பின்னால் வந்தார். அவர் ஒருநாளும் அந்தப் பெயரைச் சுருக்கியதில்லை.

வந்து பன்னிரண்டு நாள். நாளைக்கு விமானம்.

ஊரில் கிளம்பும்போதே ஒன்று நினைத்திருந்தார். இறங்கினதும் வந்து கையைப் பிடிப்பாள் என்று. வந்தாள். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். ரோட்டைத் தாண்டும்போது பிடிப்பாள் என்று பார்த்தார். "வாங்கப்பா" என்று முன்னால் போனாள்.

அறுபத்திரண்டு வயது. உப்பு மூட்டை சுமந்த உடம்பு. அதற்கு எதற்குப் பிடி?

ஒருநாள் வேண்டுமென்றே படியில் தடுமாறிப் பார்த்தார்.

"பாத்துப்பா," என்றாள். அடுப்படியில் இருந்தபடியே.

கிழவர் மட்டையை வீசினார். பந்து பறந்தது. மரத்தில் பட்டுத் தெறித்து எங்கேயோ விழுந்தது.

"அப்பா, டெஸ் என்ன சொல்றாரு தெரியுமா? இந்த மரத்துக்கும் அவருக்கும் நாப்பது வருசப் பகையாம். எங்க அடிச்சாலும் கையை நீட்டித் தடுக்குதாம்."

அவர் சிரிக்கவில்லை.

மூன்று நிமிடம் தேடலாமாம். அதற்குள் அகப்படாவிட்டால் பந்து போனதுதான். ஆட்டத்தின் சட்டம் அது என்று சொல்லிவிட்டு, மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கிழவரைக் கூட்டிக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போனாள்.

பந்து இந்தப் பக்கம் கிடந்தது.

அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி, வெட்டாத புல்லுக்குள். கல்லுப்பு மாதிரி வெள்ளையாக.

கூப்பிட வாயைத் திறந்தார்.

அங்கே மகள் குனிந்திருந்தாள். ஒரு கை புல்லை விலக்கியது. இன்னொரு கை கிழவரின் முழங்கையை விடவில்லை.

அவர் வாயை மூடிக்கொண்டார். பந்தின் மேல் காலை எடுத்து வைத்தார்.

காய்ப்பு ஏறிய உள்ளங்கால். எதுவும் சுலபத்தில் உறைக்காது. கீழே மழையில் ஊறிய மண். பாத்தி மிதித்த கால் தன் வேலையைத் தானே செய்தது. குதிகாலை ஊன்றி, பிறகு முன்பாதம், மறுபடி குதிகால்.

பந்து பாதி இறங்கியது. அதற்கு மேல் இறங்கவில்லை.

"அங்க எதுவும் கெடக்காப்பா?"

"இல்லம்மா."

கிழவர் தேடுவதை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். மரத்தைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். இந்தத் தடவை மகள் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் இருந்த பெஞ்சில் கிழவரை உட்கார வைத்தாள்.

பிறகு இவரிடம் வந்தாள்.

வரும்போதே காலைப் பார்த்தாள். சின்ன வயதில் அந்தக் கால் வெடிப்புகளில் வேப்பெண்ணெய் தடவியவள் அவள். ஒரு பாதம் புல்லுக்குள் சமமாகக் கிடந்தது. இன்னொன்று கொஞ்சம் தூக்கலாக நின்றது.

முகத்தைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"கால் வலிக்குதாப்பா?"

அவர் அந்தக் காலை எடுக்கவில்லை.

இரண்டடி தள்ளியே நின்றாள். கையை நீட்டினாள்.

"வாங்க. புடிச்சுக்குங்க."

பன்னிரண்டு நாளாக அவர் பார்த்துக்கொண்டிருந்த கை.

ஓர் எட்டு எடுத்து வைத்தால் போதும்.