வெள்ளச்சி எங்கே?

கடைவீதிக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடிய ஒரு டீசல் காருக்கு வெள்ளச்சி என்ற பூனைதான் ஒரே தோழி. கார் வந்து நின்றதும் அதன் சூடான வயிற்றுக்கடியில் சுருண்டு படுத்துக்கொள்வாள். அந்த நேரத்துக்காகவே கார் ஆசை ஆசையாக வீடு திரும்பும்.

ஒருநாள் காருக்கு மூச்சு முட்டியது. "எல்லாம் உன்னாலதான்டா!" என்று புகைக்குழாயில் இருந்த கரிவடிகட்டியைத் திட்டியது.

"நீங்க கக்குற கரியைத்தானே அண்ணே நான் முழுங்குறேன்? அது நெறஞ்சு அடைச்சுக்கிச்சு. ஒரு தடவை நெடுஞ்சாலையில நல்லா ஓடுங்க. அந்தச் சூட்டுல எல்லாத்தையும் எரிச்சுடுறேன்."

"உனக்காக நான் ஊர் சுத்தணுமாக்கும்!"

நேரே பட்டறைக்குப் போய் வடிகட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் குழாயை மாட்டிக்கொண்டது கார். அடேயப்பா, என்ன வேகம்! வீட்டு வாசலுக்கு வந்ததும், "வெள்ளச்சி, என் உறுமலைக் கேளு!" என்று பெருமையாக ஒரு முறுக்கு முறுக்கியது.

புகை விலகியபோது பின்னால் ஒரு கறுப்புப் பூனை உட்கார்ந்திருந்தது.

"யாரு நீ? எங்க வெள்ளச்சி எங்கே?"

"அவளைத்தான் நானும் நக்கி நக்கித் தேடுறேன்," என்று தும்மிய பூனை, எதிர்ப்பக்கம் நின்ற இளநீர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் பட்டறை திறக்கும் முன்பே கார் அங்கே நின்றது.

"தம்பி," என்றது மூலையில் கிடந்த வடிகட்டியிடம் மெதுவாக, "ஏறிக்கப்பா. நெடுஞ்சாலை வரைக்கும் போயிட்டு வரலாம்."